பெட்டியின் மேல் எழுதிய எண்: போட்டி கேம் கன்சோல்களைத் தலைமுறை தோறும் ஒப்பிடும் முறை

தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘டிவி கேம்’ என்றால் மஞ்சள் கேசட்டைச் செருகி விளையாடும் பெட்டிதான். கேசட்டின் மேல் ‘9999 விளையாட்டுகள்’ என்று அச்சிட்டிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து செருகி, பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனால், அதே ஏழெட்டு விளையாட்டுகள் வேகம் மாறியும் நிறம் மாறியும் தொடங்கும் கட்டம் மாறியும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்தப் பெட்டி, நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல் என்பதை நான் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். இன்று கடைகளில் அடுக்கியிருக்கும் கன்சோல் பெட்டிகளின் மேல் டெராஃபிளாப்ஸ், 8கே, 120 ஃபிரேம் என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதும் அந்த மஞ்சள் கேசட்டே நினைவுக்கு வருகிறது. அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் ஒவ்வோர் எண்ணும் ஏதோ ஒரு கேள்விக்கு மட்டுமே விடை, அந்தக் கேள்வி எதுவென்று பெட்டியில் எழுதியிருப்பதில்லை.

ஆகவே, இரண்டு கன்சோல்களை ஒப்பிட உட்காருகிறவர் முதலில் ஒரு தாளை எடுத்துத் தம் கேள்வியை எழுதிக்கொள்ள வேண்டும். எந்தக் கருவி வலுவானது என்பது ஒரு கேள்வி; எது அதிகம் விற்றது என்பது வேறு கேள்வி; என் வீட்டுக்கு எது ஏற்றது என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் தேநீர்க் கடை வாக்குவாதங்கள் முடிவதேயில்லை. 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளிவந்த, சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 2இன் செயலி சுமார் 295 மெகாஹெர்ட்ஸ் (ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்குப் பத்து லட்சம் துடிப்பு) வேகத்தில் ஓடியது; அதன் முதன்மை நினைவகம் 32 மெகாபைட். 2001 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் 733 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 64 மெகாபைட் நினைவகமும் 8 ஜிகாபைட் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. அதே ஆண்டு வந்த நின்டெண்டோ கேம்கியூபின் செயலி 485 மெகாஹெர்ட்ஸ். விற்பனையைப் பார்த்தாலோ, பிளேஸ்டேஷன் 2 பதினைந்தரைக் கோடிக்கு மேல் விற்றது. எக்ஸ்பாக்ஸ் ஏறத்தாழ 2.4 கோடி, கேம்கியூப் 2.17 கோடி. முந்திக்கொண்டு வந்ததும், டிவிடி படங்களை ஓட்டியதும், முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க்குகளை ஏற்றுக்கொண்டதும் அந்த வெற்றிக்குக் காரணங்கள், வலு காரணமன்று. அடுத்த தலைமுறையிலும் வலுவில் மிகப் பின்தங்கியிருந்த நின்டெண்டோவின் வீ கருவியே 10.16 கோடி விற்று, பிளேஸ்டேஷன் 3ஐயும் எக்ஸ்பாக்ஸ் 360ஐயும் முந்தியது. விற்பனை எண்ணைக் காட்டி வலுவை நிறுவ முயல்கிறவரோடு வாதாடாமல், அவர் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறார் என்று மட்டும் கேட்டுவிட்டால் போதும்.

காரும் பிசானமும்

தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போடுகிறவர்கள் கார் பருவத்து விளைச்சலைப் பிசானத்து விளைச்சலோடு நேருக்கு நேர் வைத்துப் பேசமாட்டார்கள். காரில் தண்ணீரும் வெயிலும் வேறு, போடும் விதையும் வேறு. கன்சோல்களுக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும். ஒரே பருவத்தில் விளைந்தவற்றைத்தான் நேரடியாக ஒப்பிடலாம்; பருவம் மாறினால் விகிதத்தைத்தான் ஒப்பிடலாம்.

தலைமுறை என்ற பிரிவை எந்த நிறுவனமும் சட்டமாக வகுத்து வைக்கவில்லை. வரலாறு எழுதுகிறவர்கள் வசதிக்காக வகுத்துக்கொண்டது அது. 1972இல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிசியை முதல் தலைமுறை என்றும், 1977இல் வந்த அடாரி 2600ஐ இரண்டாவது என்றும், 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கருவிகளை ஒன்பதாவது என்றும் எண்ணுவது வழக்கம். மூன்றாம் தலைமுறையின் தொடக்கம் விந்தையானது: நின்டெண்டோவின் ஃபேமிகாமும் செகாவின் எஸ்ஜி-1000மும் 1983 ஜூலை 15 அன்று, ஒரே நாளில், ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. இவ்வளவு நேர்த்தியான போட்டி பிறகு அரிதாகவே அமைந்தது. செகாவின் மெகா டிரைவ் 1988இலும் அதன் போட்டியான நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் (வெளிநாடுகளில் சூப்பர் நின்டெண்டோ) 1990இலும் வந்தன. செகா சாட்டர்னும் பிளேஸ்டேஷனும் 1994இன் இறுதியில் பதினொரு நாள் இடைவெளியில் வந்தபோது, நின்டெண்டோ 64 வருவதற்கு 1996 ஆகிவிட்டது. சிப்புத் தொழிலில் இரண்டு ஆண்டு என்பது பெரிய காலம். எனவே கருவியின் பெயருக்குப் பக்கத்தில் அது முதலில் வெளிவந்த ஆண்டையும் அன்றைய விலையையும் எப்போதும் எழுதி வையுங்கள். இந்த இரண்டும் இல்லாத ஒப்பீட்டு அட்டவணையை நான் படிப்பதேயில்லை.

எண்களைப் படிக்கும் விதம்

சிப்பு ஒரே முறையில் கையாளும் தரவின் அகலத்தைச் சொல்லும் ‘பிட்’ என்ற எண்ணிலிருந்து தொடங்கலாம். அதைச் சீக்கிரம் முடித்தும் விடலாம். 1987இல் வந்த பிசி எஞ்சின் கருவியின் செயலி 8 பிட். அதன் படச் சிப்புகள் 16 பிட். அமெரிக்காவுக்குப் போனபோது அதன் பெயர் டர்போகிராஃபிக்ஸ்-16 ஆயிற்று. பெரிய எண் பெயரிலேயே ஏறிக்கொண்டது. 1993இல் 64 பிட் என்று விளம்பரம் செய்த அடாரி ஜாகுவாருக்குள், 1988இன் மெகா டிரைவில் இருந்த அதே மோட்டோரோலா 68000 செயலியும் இருந்தது. 64 பிட் அகலத்தில் இயங்கிய சில சிப்புகள் அதில் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணை நம்பி வாங்கியவர்களுக்கு அதற்கேற்ற விளையாட்டுகள் கிடைக்கவில்லை. பிட் எண்ணிக்கையை அந்தக் காலத்து விளம்பர வரலாறாகப் படியுங்கள். கருவியின் அளவுகோலாகப் படிக்க வேண்டாம்.

மெகாஹெர்ட்ஸ் கொஞ்சம் பயனுள்ளது. ஆனால் ஒரே குடும்பச் செயலிகளுக்குள் மட்டும். செகா மாஸ்டர் சிஸ்டத்தின் இசட்80 செயலி 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. போட்டியான நின்டெண்டோ என்இஎஸ்ஸின் (ஃபேமிகாமின் வெளிநாட்டுப் பதிப்பு) செயலி 1.79 மெகாஹெர்ட்ஸ், அதாவது சரியாகப் பாதி. இதைப் பார்த்து இருமடங்கு வேகம் என்று முடிவு செய்தால் தவறிவிடுவோம். இசட்80 தன் மிகச் சிறிய கட்டளைக்கே நான்கு துடிப்புகள் எடுத்துக்கொள்ளும். என்இஎஸ்ஸில் இருந்த 6502 வகைச் செயலி அதே போன்ற வேலையை இரண்டு துடிப்புகளில் முடித்துவிடும். எட்டு வைக்கும் கால் சிறிதா பெரிதா என்று பார்க்காமல், நிமிடத்துக்கு எத்தனை எட்டு என்று மட்டும் எண்ணி இரண்டு பேரின் நடையை ஒப்பிட முடியாதல்லவா?

மெகா டிரைவையும் சூப்பர் நின்டெண்டோவையும் ஒப்பிடுவது இந்தக் கலைக்கு நல்ல பயிற்சி, ஏனென்றால் அங்கே ஒரே வெற்றியாளர் கிடையாது. மெகா டிரைவின் செயலி சுமார் 7.6 மெகாஹெர்ட்ஸில் ஓட, சூப்பர் நின்டெண்டோவின் செயலி அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ்தான். திரையில் பல பொருள்கள் விரைந்து ஓடும் விளையாட்டுகளில் செகாவின் கை ஓங்கியதற்கு இதுவே பெரிய காரணம். நிறத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழ்: மெகா டிரைவ் 512 நிறங்களிலிருந்து அறுபத்துச் சொச்ச நிறங்களைத்தான் ஒரே நேரத்தில் திரையில் காட்டும், சூப்பர் நின்டெண்டோ 32,768 நிறங்களிலிருந்து 256 நிறங்களைக் காட்டும். இவற்றோடு, கேசட்டுக்குள்ளேயே கூடுதல் சிப்பு வைக்கும் வழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1993இல் வந்த ‘ஸ்டார் ஃபாக்ஸ்’ விளையாட்டின் கேசட்டுக்குள் சூப்பர் எஃப்எக்ஸ் என்ற தனிச் சிப்பு இருந்தது. அதில் தெரியும் முப்பரிமாணக் காட்சிகளுக்கான பெருமையைக் கன்சோலின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். திருநெல்வேலிச் சீமையில் குளம் எவ்வளவு பெரியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மடை எவ்வளவு அகலம், ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் வெளியே வரும் என்றும் கேட்பார்கள். கன்சோலின் நினைவக அளவு குளம் என்றால், விநாடிக்கு அதிலிருந்து எவ்வளவு தரவு வெளியே வரும் என்பது மடை. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் குளம் ஒரே அளவு: 8 ஜிகாபைட். நினைவகத்துக்குப் போகும் பாதையும் இரண்டிலும் 256 பிட் அகலம். ஆனால் சோனி பயன்படுத்திய ஜிடிடிஆர்5 நினைவகம் ஒவ்வொரு கம்பியிலும் விநாடிக்கு 5.5 ஜிகாபிட் அனுப்பும். மைக்ரோசாஃப்ட் பயன்படுத்திய டிடிஆர்3 சுமார் 2.13 ஜிகாபிட்தான் அனுப்பும். அகலத்தை வேகத்தால் பெருக்கி, பிட்டைப் பைட்டாக்க எட்டால் வகுத்தால், முன்னதற்கு விநாடிக்கு 176 ஜிகாபைட்டும் பின்னதற்கு 68 ஜிகாபைட்டும் கிடைக்கும். குறையை ஈடுகட்ட எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்குள் 32 மெகாபைட் அளவில் வேகமான சிறு தொட்டி ஒன்று வைக்கப்பட்டது. முழு எச்டி அளவுக்கு அது போதுமான தொட்டியாக இல்லை. விளைவு திரையிலேயே தெரிந்தது: அந்த ஆண்டு வந்த ‘கால் ஆஃப் டூட்டி: கோஸ்ட்ஸ்’ பிளேஸ்டேஷன் 4இல் 1080 வரிகளிலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 720 வரிகளிலும் ஓடியது.

எந்தக் கருவியை எடுத்தாலும் இப்படி அதன் மிகக் குறுகிய மடையைத் தேடுங்கள். நின்டெண்டோ 64க்கு 93.75 மெகாஹெர்ட்ஸ் செயலி இருந்தது. பிளேஸ்டேஷனுக்கோ ஏறத்தாழ 34 மெகாஹெர்ட்ஸ்தான். ஆயினும் நின்டெண்டோ 64இன் மேற்பரப்புப் படங்களுக்கான உள்நினைவகம் 4 கிலோபைட் மட்டுமே. சுவரும் தரையும் பூசி மெழுகியது போலத் தெரிவதற்கு அதுவே காரணம். அதன் கேசட்டும் அதிகபட்சம் 64 மெகாபைட் கொள்ளும். போட்டியின் சிடி ஒன்று 650 மெகாபைட்டுக்கு மேல் கொள்ளும். பிளேஸ்டேஷனில் இரண்டு சிடிகளில் வந்த ‘ரெசிடென்ட் ஈவில் 2’ஐ 1999இல் ஒரே 64 மெகாபைட் கேசட்டுக்குள் அடக்கினார்கள் என்பதை இன்றும் நான் வியப்போடு எண்ணுவேன். பிளேஸ்டேஷனுக்கும் தன் குறை உண்டு: முப்பரிமாணக் காட்சியில் தூரத்தைக் கணக்கிலெடுத்து மேற்பரப்பை ஒட்டும் வசதி அதில் இல்லாததால், நடக்க நடக்கத் தரையின் கோடுகள் வளைந்து நெளியும். இருவரின் குறையும் தெரிந்த பிறகு, எந்தப் படத்தைப் பார்த்தாலும் அது எந்தக் கருவியினுடையது என்று பெயரைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அந்த நிலைக்கு வந்தவரே ஒப்பிடத் தகுதி பெற்றவர் என்பது என் கருத்து.

டெராஃபிளாப்ஸ், அதாவது விநாடிக்கு எத்தனை லட்சம் கோடிக் கணக்குகள் போடும் என்ற எண்ணை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள், மிரட்டல் குறைந்துவிடும். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களில் உள்ள ஏஎம்டி நிறுவனத்தின் கிராபிக்ஸ் பகுதி பல கம்ப்யூட் யூனிட்டுகளால் ஆனது. ஒவ்வொன்றிலும் 64 கணக்குப் பிரிவுகள். ஒவ்வொரு பிரிவும் ஒரு துடிப்புக்கு ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலுமாக இரண்டு கணக்குகள் போடும். பிளேஸ்டேஷன் 5இல் 36 யூனிட்டுகள் 2.23 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஓடும்: 36ஐ 64ஆலும், பிறகு 2ஆலும், பிறகு 2.23ஆலும் பெருக்கினால் 10.28 டெராஃபிளாப்ஸ். சீரிஸ் எக்ஸில் 52 யூனிட்டுகள் 1.825 ஜிகாஹெர்ட்ஸில் ஓடுவதால் 12.15. இந்த எண் எல்லாப் பிரிவுகளும் ஒரு கணமும் சும்மா இராமல் உழைத்தால் கிடைக்கும் உச்சம். ஆள் கணக்கை வைத்து அறுவடையைச் சொல்வது போன்றது அது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்க முடியுமா என்பது வேறு விஷயம். சுழலும் வட்டு இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பிலிருந்து படிப்பதில் பிளேஸ்டேஷன் 5 விநாடிக்கு 5.5 ஜிகாபைட், சீரிஸ் எக்ஸ் 2.4 ஜிகாபைட், இங்கே முன்னிலை இடம் மாறிவிடுகிறது. இரண்டிலும் வரும் பொது விளையாட்டுகளை அருகருகே வைத்தால், சதவீதக் கணக்கு மிரட்டும் அளவுக்கு வேறுபாடு கண்ணில் படுவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒரே விளையாட்டு, இரண்டு பெட்டிகள்

எண்களைப் படித்தபின் விளையாட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் இரண்டு கருவிகளிலும் வந்த ஒரே விளையாட்டை. பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. 1993இல் ‘அலாதீன்’ என்ற பெயரில் மெகா டிரைவுக்கு வந்த விளையாட்டை வர்ஜின் நிறுவனமும், சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்ததை கேப்காம் நிறுவனமும் தனித்தனியே உருவாக்கின. இரண்டும் வேறு வேறு விளையாட்டுகள். அவற்றில் எது அழகு என்ற வாதம் அன்றிலிருந்து நடக்கிறது, ஆனால் அதிலிருந்து கருவிகளைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

மூலமாக உருவான கருவி எது, பிறகு மாற்றிக் கொண்டுவரப்பட்ட கருவி எது என்பதையும் பாருங்கள். ‘ரெசிடென்ட் ஈவில் 4’ 2005 ஜனவரியில் கேம்கியூபுக்காக உருவாகி வந்து, அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2க்கு மாற்றப்பட்டது. மாற்றியபோது உருவங்களின் நுணுக்கம் குறைக்கப்பட்டது. கேம்கியூபில் அப்போதைக்கப்போது வரையப்பட்ட இடைக் காட்சிகள், பிளேஸ்டேஷன் 2இல் முன்பே பதிவு செய்த காணொளியாக ஓடின. இது கேம்கியூபுக்கு ஆதரவான வலுவான சாட்சி. ஆனால் தன் வீட்டு மைதானத்தில் ஆடிய அணியின் வெற்றி என்பதையும் குறிப்பில் எழுத வேண்டும். ‘பேயனெட்டா’ எக்ஸ்பாக்ஸ் 360ஐ முதன்மையாகக் கொண்டு உருவாகிப் பிளேஸ்டேஷன் 3க்கு மாற்றப்பட்டபோது, பின்னதில் ஃபிரேம் வேகம் (விநாடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை) தெளிவாகவே குறைந்தது. இரண்டுக்கும் மொத்த நினைவகம் 512 மெகாபைட்தான். ஆனால் எக்ஸ்பாக்ஸில் அது ஒரே குளம், பிளேஸ்டேஷன் 3இல் 256, 256 என்று வரப்பு போட்ட இரண்டு குளங்கள். தனியே பிளேஸ்டேஷன் 3க்கென்றே எழுதப்பட்ட பிற்கால விளையாட்டுகள் அதே கருவியில் மிகச் சிறப்பாக ஓடின. ஆகவே ஒரு கருவியை அதன் முதலாண்டு விளையாட்டை வைத்தும், போட்டியை அதன் ஐந்தாமாண்டு விளையாட்டை வைத்தும் எடைபோடக் கூடாது.

தலைமுறை தாண்டும்போது

சோனியின் நினைவக வரிசையை எழுதிப் பாருங்கள். முதல் பிளேஸ்டேஷனுக்கு முதன்மை நினைவகம் 2 மெகாபைட், இரண்டாவதற்கு 32, மூன்றாவதற்கு இரு பகுதிகளும் சேர்த்து 512, நான்காவதற்கு 8 ஜிகாபைட். ஒவ்வொரு தாவலிலும் பதினாறு மடங்கு. ஐந்தாவதற்கு வந்ததும் 16 ஜிகாபைட், வெறும் இரண்டு மடங்கு. இதை மட்டும் பார்க்கிறவர் ஐந்தாவது பிளேஸ்டேஷனில் சோனி சோம்பிவிட்டது என்று நினைப்பார். உண்மையில், முந்தைய கருவிகள் மெதுவான வட்டிலிருந்து அடுத்த அரை நிமிடத்துக்குத் தேவையானதையெல்லாம் முன்கூட்டியே நினைவகத்தில் கொட்டி வைக்க வேண்டியிருந்தது. எஸ்எஸ்டி வந்தபின் அடுத்த நொடிக்குத் தேவையானதை மட்டும் வைத்தால் போதும் என்றாகிவிட்டது. ஒரு தலைமுறையிலிருந்து மற்றொன்றுக்கு எந்த எண் நின்றுவிட்டதோ, அந்த வேலையை வேறு எந்தப் பகுதி எடுத்துக்கொண்டது என்று தேட வேண்டும் என்பதே இங்கு முறை.

டெராஃபிளாப்ஸ் எண்ணைத் தலைமுறை தாண்டி ஒப்பிடுவது இன்னும் ஆபத்து. 2017இன் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸுக்கு 6 டெராஃபிளாப்ஸ், 12 ஜிகாபைட். 2020இன் சீரிஸ் எஸ்ஸுக்கு 4 டெராஃபிளாப்ஸ், 10 ஜிகாபைட். காகிதத்தில் பழையதே பெரியது. புதிய விளையாட்டுகளில் சீரிஸ் எஸ்ஸின் செயலியும் எஸ்எஸ்டியும் பழையதை எளிதில் விஞ்சும். ஆனால் ஒன் எக்ஸுக்காக 4கே அளவில் மெருகேற்றிய பழைய விளையாட்டுகளைச் சீரிஸ் எஸ் அந்த மெருகோடு ஓட்டாது. யாருக்கு எது பெரியது என்பது அவர் அலமாரியில் என்ன விளையாட்டுகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. 2024இன் பிளேஸ்டேஷன் 5 புரோவுக்கு 16.7 டெராஃபிளாப்ஸ், முந்தையதைவிட அறுபது சதவீதத்துக்கு மேல் அதிகம். சோனியே அறிவித்த வரைபட வேக உயர்வு 45 சதவீதம் வரைதான்.

தலைமுறை தாண்டிய ஒப்பீட்டுக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த கருவி ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’. 2013இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் பிளேஸ்டேஷன் 3க்கும், 2014இல் அடுத்த தலைமுறைக்கும், 2022இல் அதற்கடுத்ததற்கும் வந்த ஒரே விளையாட்டு அது. ஒரே தெரு முனையில் ஒரே நேரத்தில் நின்று, வண்டிகளின் எண்ணிக்கை, தூரத்து மலையின் தெளிவு, விளையாட்டு திறக்க எடுக்கும் நேரம் ஆகிய மூன்றை மட்டும் குறித்தால் மூன்று தலைமுறைகளின் வளர்ச்சி உங்கள் நோட்டில் இருக்கும். மறுபக்கம், பழைய தலைமுறையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல் போன விளையாட்டும் உண்டு. 2020 டிசம்பரில் வந்த ‘சைபர்பங்க் 2077’ பிளேஸ்டேஷன் 4இல் ஓடிய நிலையைப் பார்த்து, சோனி தன் கடையிலிருந்தே அதை விலக்கிவைத்து 2021 ஜூனில்தான் திரும்ப ஏற்றது. ஒரே தலைமுறைக்குள்ளும் இது நடக்கும்: ‘பால்டர்ஸ் கேட் 3’ 2023 டிசம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தபோது, இருவர் ஒரே திரையைப் பிரித்து ஆடும் வசதி சீரிஸ் எஸ்ஸில் மட்டும் கொடுக்கப்படவில்லை.

வீட்டில் அளப்பது

ஒப்பிடும் இரண்டு கருவிகளையும் ஒரே டிவியில், ஒரே எச்டிஎம்ஐ துளையில், டிவியை ‘கேம் மோடு’ என்ற அமைப்பில் வைத்து ஓட்டுங்கள். பழைய கருவிகளைக் குழாய் டிவியில் பார்ப்பதே நியாயம். புதிய தட்டை டிவிகள் பல, அந்தக் காலத்து 240 வரிச் சமிக்ஞையைத் தவறாகப் புரிந்துகொண்டு படத்தைக் குழப்பிவிடும். கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருள்) போட்டுப் பார்த்துவிட்டுப் பழைய கன்சோலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது வேண்டாம். எமுலேட்டர் படத்தை மூலத்தைவிடக் கூர்மையாக்கிக் காட்டும்.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு கண்ணி உண்டு. மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் என்று வளைகுடாவில் ஆள் இல்லாத ஊர் இந்தப் பக்கம் குறைவு. பல வீடுகளின் முதல் உண்மையான கன்சோல் அங்கிருந்து சூட்கேஸில் வந்ததுதான். எனக்கும் மெகா டிரைவ் துபாயிலிருந்து மாமா கொண்டுவந்தே கிடைத்தது. அவை பெரும்பாலும் ‘பால்’ (PAL) என்ற டிவி முறைக் கருவிகள்; விநாடிக்கு 50 முறை திரையை வரைபவை. ஜப்பான், அமெரிக்கக் கருவிகள் 60 முறை வரையும். பல விளையாட்டுகளை 50க்கென்று திருத்தாமலே விற்றதால், அவை ஆறில் ஒரு பங்கு மெதுவாகவும், மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடும் ஓடின. என் கருவியில் ‘சோனிக்’ விளையாட்டு சற்றுச் சாவகாசமாக ஓடுவதைச் செகாவின் குறை என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன். பழைய கருவி எதை ஒப்பிட்டாலும் அது 50ஆ 60ஆ என்று முதலில் பாருங்கள். 2018இல் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற குட்டிக் கருவியிலேயே சில விளையாட்டுகள் 50 முறைப் பதிப்பாக இருந்தன என்றால், இந்தப் பிழை எவ்வளவு எளிதில் நேரும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையே ஆகும் தாமதத்தைக் கைப்பேசியாலேயே அளக்கலாம். விநாடிக்கு 240 ஃபிரேம் பதியும் மெதுவோட்டக் காணொளியில், கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி படம் பிடியுங்கள். பொத்தான் முழுதும் இறங்கிய ஃபிரேமிலிருந்து திரையில் உருவம் அசையும் ஃபிரேம் வரை எண்ணி, 4.17ஆல் பெருக்கினால் மில்லிவிநாடிக் கணக்கு வரும். பத்து முறை எடுத்துச் சராசரி காணுங்கள். ஒரு முறை எடுத்ததை நம்பாதீர்கள். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் ஒவ்வொரு படமும் 16.7 மில்லிவிநாடி நிற்கும், 30 ஓடும் விளையாட்டில் 33.3. ஆகவே ஃபிரேம் வேகம் வேறான இரண்டு விளையாட்டுகளின் தாமதத்தை ஒப்பிட்டுக் கருவியைக் குறை சொல்லக் கூடாது. திறக்கும் நேரத்தை அளக்கும்போது கருவியை முழுதும் அணைத்து மீண்டும் போட்டு அளக்க வேண்டும். உறக்க நிலையிலிருந்து எழுப்பி அளந்தால் எல்லாக் கருவியும் மின்னல்தான்.

மின்சாரச் செலவுக்குத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. வீட்டு மின் மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும். ஓர் அலகுக்கு எத்தனை மினுக்கல் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். ஃபிரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் பத்து நிமிடம் அணைத்துவிட்டு, கன்சோலும் டிவியும் ஓடும்போது மினுக்கலை எண்ணுங்கள். பிறகு டிவியை மட்டும் ஓட்டி எண்ணிக் கழியுங்கள். அலகுக்கு 3,200 மினுக்கல் என்றால், பத்து நிமிடத்தில் வரும் 107 மினுக்கல் ஏறத்தாழ 200 வாட். இன்றைய பெரிய கன்சோல்கள் கடினமான விளையாட்டில் இந்த அளவுக்குத்தான் இழுக்கும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால் இரு மாதக் கணக்கில் 36 அலகு. 500 அலகு விளிம்பில் நிற்கும் வீடுகளுக்கு, அதைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும் என்பதால் இந்தக் கணக்கு முக்கியம்.

வெப்பத்தையும் மறந்துவிட வேண்டாம். எக்ஸ்பாக்ஸ் 360இன் முதல் ஆண்டுகளில் வெப்பத்தால் உள் இணைப்புகள் பழுதாகிச் சிவப்பு வளையம் மினுக்கிய கதை உலகறிந்தது. 2007இல் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டி, அதற்கென நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அத்தகைய கருவியைக் குளிர்காலத்தில் ஓட்டிப் பார்த்து நல்லது என்று சொல்வதில் பொருளில்லை. நான் விசிறிச் சத்தத்தையும் காற்றுத் துளையின் சூட்டையும் எப்போதும் மே மாதப் பிற்பகலில், ஏசி இல்லாத அறையில்தான் குறிப்பேன். பாளையங்கோட்டை வெயிலில் இரண்டு மணி நேரம் அடங்கி ஓடும் கருவி எங்கும் ஓடும்.

விலையும் கடையும்

பிளேஸ்டேஷன் 3 இந்தியாவில் 2007இல் 39,990 ரூபாய்க்கு வந்தது. பிளேஸ்டேஷன் 4 வந்தபோதும் அதே 39,990. டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5 2021 பிப்ரவரியில் 49,990. எண்ணை மட்டும் பார்த்தால் விலை ஏறியது போலிருக்கும். நம் வீடுகளில் எதையும் பவுனில் கணக்குப் பார்க்கும் வழக்கப்படி, 2007இல் பவுன் சுமார் 7,000 ரூபாய், 2021 பிப்ரவரியில் சுமார் 36,000. பழையதற்கு ஐந்தரைப் பவுனுக்கு மேல், புதியதற்கு ஒன்றரைப் பவுனுக்கும் குறைவு. தங்கம் அந்த ஆண்டுகளில் மற்றவற்றைவிட வேகமாக ஏறியதால் இந்த அளவுகோல் கொஞ்சம் மிகைப்படுத்தும். இருந்தாலும் வெறும் ரூபாயை ரூபாயோடு வைப்பதைவிட உண்மைக்குப் பக்கத்தில் நிற்கும். உங்கள் வீட்டு மாத வருமானத்தில் எத்தனை பங்கு என்று இரண்டு ஆண்டுகளுக்கும் கணக்கிட்டால் இன்னும் நல்லது.

கருவியின் விலையோடு ஐந்தாண்டு விளையாட்டுச் செலவையும் கூட்டுங்கள். டிஸ்க் போட இடமில்லாத டிஜிட்டல் பதிப்பு பிளேஸ்டேஷன் 5 வெளியானபோது பத்தாயிரம் ரூபாய் குறைவு. ஆனால் அந்த முதல் டிஜிட்டல் பதிப்பில் பழைய டிஸ்க்கை வாங்கவும் முடியாது, முடித்ததை விற்கவும் முடியாது, சித்தப்பா மகனிடம் இரவல் கேட்கவும் முடியாது. அப்படி இரவலும் மாற்றலுமாக விளையாடும் வட்டத்தில் இருக்கிறவருக்கு அந்தப் பத்தாயிரம் மிச்சம் மூன்று நான்கு விளையாட்டுகளிலேயே கரைந்துவிடும். சுவிட்ச் கருவியை நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. கடைகளில் இருப்பவை வெளியிலிருந்து வந்தவை. அதை மற்றவற்றோடு ஒப்பிடும்போது, உத்தரவாதம் இல்லை என்பதையும் விலையின் ஒரு பகுதியாகவே எழுத வேண்டும்.

பழைய கருவி வாங்கப் போனால், கடைக்கார அண்ணாச்சியிடம் மூன்றைப் பார்த்துக் கேளுங்கள். பின்புறத் தகட்டில் 120 வோல்ட் என்றிருந்தால் அது அமெரிக்கக் கருவி. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அன்றோடு சரி, மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கேசட் கருவி என்றால் செருகும் துளையின் பற்களை டார்ச் அடித்துப் பாருங்கள்; தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்து வீடுகளிலிருந்து வந்தவற்றில் உப்புக் காற்றால் பச்சை பூத்திருக்கும், அதைத் துடைத்து எடுக்க முடியுமா என்று பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அங்கேயே முயன்று பார்க்கலாம். ஃபேமிகாம் வகைக் கேசட்டுக்கு 60 பற்கள், என்இஎஸ் கேசட்டுக்கு 72. இரண்டும் ஒன்றில் ஒன்று நுழையாது, ஆகவே உங்களிடம் இருக்கும் ஒரு கேசட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.